ஒரு ஆளுநரின் கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை, திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். மாலதிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியசாமி அண்ணன் இன்னும் சைக்கிளை விற்கவில்லை.

எழுத வைத்தது ரோமானியர் ஒருவரின் பழைய கடிதம். பிளினி என்பவர் கருங்கடல் ஓரம், இன்றைய துருக்கியின் வடபகுதியில், பித்தினியா மாகாணத்துக்கு ஆளுநர். கி.பி. 112ஐ ஒட்டி பேரரசர் டிராஜனிடம் கேட்கிறார்: கிறிஸ்தவன் என்ற பெயரே குற்றமா, இல்லை அவர்கள் செய்யும் ஏதாவது குற்றமா?

கேள்வி சரிதான். ஆனால் அதற்குள்ளேயே ஆட்களைக் கொன்றாகிவிட்டது! "நீ கிறிஸ்தவனா?" என்று மூன்று தடவை கேட்பாராம். கடைசிவரை ஆமாம் என்றால் மரண தண்டனை. ரோமக் குடியுரிமை உள்ளவன் என்றால் ரோமுக்கு அனுப்பிவிடுவார். காரியத்தை முடித்துவிட்டு அப்புறம் அனுமதி கேட்டுக் கோப்பு போடுவாரே நம் பழைய அதிகாரி, அதே கதைதான்.

அப்படி என்னதான் செய்தார்கள்? விடியுமுன் கூடி கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுவார்கள், திருடமாட்டோம், பிறன்மனை நாடமாட்டோம் என்று சத்தியம் செய்வார்கள், பிறகு சேர்ந்து சாப்பிடுவார்கள். சாதாரணச் சாப்பாடுதான். இதை நம்பாமல் இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தார். மூடநம்பிக்கையைத் தவிர எதுவும் தெரியவரவில்லை என்று அவரே எழுதுகிறார். தன் வீட்டு அடிமைகள் நோயிலும் சாவிலும் போனபோது உடைந்துபோனேன் என்று வேறொரு கடிதத்தில் எழுதிய மனிதர் சேகர் இவர்! கொடூரன் என்றால் எனக்குத் தூக்கம் கெட்டிருக்காது.

கிறிஸ்தவர்கள் பெருகியதால் வாங்க ஆளே அரிதாயிருந்த கோயில் பலி இறைச்சி மறுபடி விற்கிறது என்றும் ஒரு வரி. புகார் கிளம்பியதே கறிக்கடைப் பக்கம்தான் என்று எனக்குச் சந்தேகம்.

டிராஜன் பதில் சுருக்கம். தேடிப் பிடிக்காதே, புகார் வந்து நிரூபணமானால் தண்டி, நம் கடவுளரை வணங்கினால் விட்டுவிடு, மொட்டைக் கடுதாசியை ஏற்காதே. (கடைசியைப் படித்ததும் உன்னை நினைத்துச் சிரித்தேன்.) பிற்பாடு தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் இதைப் பிடித்துக்கொண்டார்: குற்றவாளி என்றால் ஏன் தேடக் கூடாது, குற்றமில்லை என்றால் ஏன் தண்டிக்க வேண்டும்?

உன் மருமகன் வக்கீலாயிற்றே, டிராஜன் பக்கம் வாதாட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு எழுது. பொங்கலுக்கு வருகிறாயா, அதையும்.

உன்,
ரகு