ஞாயிறு நேர்முகப் பாட உதவி: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். இந்தியத் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்து, சிங்கப்பூரின் துவாஸ், சுங்கை காடுட் வட்டாரத் தங்கும் விடுதிகளிலிருந்து படிக்கும் ஊழியர்களுக்கு ஞாயிறு பிற்பகல்களில் நேரில் பாடம் சொல்லித்தர முன்வருமாறு கேட்டுக்கொள்கிறோம். 1985-இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பாடநூல்களை அனுப்புவதோடு நில்லாமல் கல்வி மையங்களில் ஆலோசனை வகுப்புகளையும் நடத்துகிறது. ஊரிலிருக்கும் அம்மையங்களுக்கு, விடுப்பின்றி இங்கு உழைக்கும் நம் தம்பிகளால் செல்ல இயலாது. காணொளி அழைப்பு இதற்கு ஈடாகாது என்றே கருதுகிறோம்: பலர் தங்கும் அறையில், இரவுப் பணி முடித்தவர் உறங்கும்போது, வாய்விட்டு ஐயம் கேட்க எவருக்கும் மனம் வராது. கணக்குப்பதிவியலும் ஆங்கிலமும் கற்பிக்கக்கூடியவர்கள் மிகவும் தேவை. ஒப்படைப்புகளை நாம் எழுதித் தரக்கூடாது; அவர்கள் எழுதியதை உடனமர்ந்து படித்து, பிழைகளைச் சுட்டிக்காட்டினால் போதும். இயன்றவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் தங்கள் பெயரையும் பாடத்தையும் இக்குழுவில் தெரிவிக்கவும்.