பத்து ரூபாய் யூனிட்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
ஞாயிறு ராத்திரி

மாப்ளே,

பொங்கலுக்குப் போன்ல பேசினதோட சரி, கோவிச்சுக்காதே. வீட்டுல எல்லாரும் சுகம். அங்க ஏற்காட்டுல மிளகு பறிச்சு முடிஞ்சுதா? சோடாபுட்டி சார் லீ பஜார்ல எதிர்ப்பட்டாலே உன்னைத்தான் முதல்ல கேக்கறாரு. என்னைக் கேட்டதே இல்ல.

அக்கா விஷயம்தான் எழுத வெச்சுது. டீச்சர் வேலையில இருந்தப்ப ஒரு பங்கு மியூச்சுவல் ஃபண்டுல ஒண்ணரை லட்சம் போட்டிருந்தா. நாலு லட்சமா வளர்ந்திருந்தது. போன மாசம் ஒரு ஏஜென்ட் வந்து, "என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டோட விலை, 200 ரூபாய் ஆயிடுச்சு, இனி எங்க ஏறும்? புது ஃபண்டுல யூனிட் பத்தே ரூபாய்"னு சொல்லி மொத்தத்தையும் மாத்த வெச்சுட்டான். "ரெண்டாயிரம் யூனிட் நாப்பதாயிரமாச்சுடா"ன்னு சந்தோஷமா போன் பண்ணினா. எனக்கு வயிறு எரிஞ்சுது.

பட்டறைக்குக் கூட்டிட்டு வந்தேன். சரி எடையில ரெண்டு வெள்ளித் துண்டு. ஒண்ணை அப்படியே தராசுல வெச்சேன், இன்னொண்ணைக் கத்தரியால இருபதா நறுக்கி எதிர்த் தட்டுல போட்டேன். முள் நடுவுலயே நின்னுது. "யூனிட்டும் இப்படித்தாங்கா. ஃபண்டு வெச்சிருக்கிற பங்கு, ரொக்கம் எல்லாத்தையும் அன்னைக்குச் சந்தை மூடின விலையில கூட்டி, ஃபண்டு கொடுக்க வேண்டிய பாக்கியையும் நிர்வாகச் செலவையும் கழிச்சு, மொத்த யூனிட்டால வகுத்தா வர்றதுதான் என்.ஏ.வி. உள்ள இருக்கிற பங்கு பத்து சதவீதம் ஏறினா 200 போய் 220, 10 போய் 11. எதுல இருந்தாலும் உன் நாலு லட்சம் நாலு லட்சத்து நாப்பதாயிரம்தான்."

நறுக்கின துண்டுகளை விரலால தள்ளிக்கிட்டே, "அப்ப எதுக்குடா நான் வரி கட்டணும்?"னு கேட்டா. ஃபண்டு மாத்தினா பழசை வித்த கணக்குதானே, ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல வந்த லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி. பதினஞ்சாயிரத்துக்கு மேல போகுது. அதுக்கு என்ன பதில் சொல்றது, நீயே சொல்லு.

பொங்கலன்னிக்கு நீயும் சொன்னியே, "நம்ம ஃபண்டு ரொம்ப ஏறிப்போச்சு, மலிவா ஒண்ணுக்கு மாறணும்"னு. பாப்பா காலேஜ் பணம்டா அது. என்.ஏ.வி. பெருசுங்கற ஒரே காரணத்துக்காகத் தொடாதே. உள்ள என்னென்ன பங்கு இருக்கு, இத்தனை வருஷம் எப்படி நடந்திருக்கு, வருஷத்துக்கு எவ்வளவு செலவு பிடிக்கறாங்க, இதைப் பாரு. நாம கொலுசை அராவும்போது தூள் உதிருமே, அந்த மாதிரி அந்தச் செலவு தினமும் என்.ஏ.வி.யிலேருந்து போய்க்கிட்டே இருக்கும். நீ போட்டிருக்கிறது ஃபண்டு கம்பெனிகிட்ட நேரா வாங்கற டைரக்ட்டா, ஏஜென்ட் மூலமா வாங்கற ரெகுலரான்னும் பாரு. ரெகுலர்னா ஏஜென்ட் கமிஷனும் அதுக்குள்ளதான்.

அடுத்த ஞாயிறு மலை இறங்கி வா, ஸ்டேட்மென்ட்டோட. அதுவரைக்கும் எந்தப் படிவத்துலயும் கையெழுத்துப் போடாதே. தட்டுவடை செட்டு நான் வாங்கித் தர்றேன்.

உன்
பட்டறைக்காரன்