அப்பாவின் கேப்ஸ்யூலும் அக்காவின் கேப்ஸ்யூலும்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அப்பா இழுக்கும் கேப்ஸ்யூல், அக்கா இழுக்கும் கேப்ஸ்யூல் இரண்டுமே மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துதானே, தீர்ந்தால் மாற்றிப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். கூடவே கூடாது.

அக்காவுக்கு ஆஸ்துமா. குழாயின் உட்சுவர் வீங்கிக் கிடக்கும் நோய் அது. ஃபார்மோடெரால், சால்மெடெரால் போன்ற விரிக்கும் மருந்துகள் குழாயைச் சுற்றியுள்ள தசையை 12 மணி நேரம் தளர்த்துமே தவிர, வீக்கத்தைத் தொடாது. இழுப்பு அடங்கியதுபோல இருக்கும், உள்ளே முற்றிக்கொண்டிருக்கும். 2006-ல் வெளியான, சால்மெடெரால் பாதுகாப்பானதா என்று பார்த்த ஸ்மார்ட் ஆய்வில் 26,000-க்கும் மேற்பட்டோர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு சால்மெடெரால், மீதிப் பேருக்கு அதே சிகிச்சையோடு வெற்று மருந்து, 28 வாரம். ஆஸ்துமாவால் இறந்தவர்கள் சால்மெடெரால் பக்கம் 13, மறுபக்கம் 3. அதனால்தான் வீக்கத்தைக் குறைக்கும் புடெசோனைடு போன்ற ஸ்டீராய்டையும் சேர்த்தே கொடுக்கிறோம். இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

அப்பா கதை வேறு. பீடிப் புகையில் கெட்ட நுரையீரலுக்கு டையோட்ரோபியம் 18 மைக்ரோகிராம், நாளைக்கு ஒன்றே போதும், 24 மணி நேரம் நிற்கும். திடீர் மூச்சுத்திணறலுக்கு அது ஆகாது. அதற்கு உடனே வேலை செய்யும் சால்ப்யூட்டமால் கையில் இருக்கட்டும். பிராஸ்டேட் தொந்தரவு இருந்தால் சிறுநீர் அடைக்கலாம், டாக்டரிடம் சொல்லிவிடு. பவுடர் பட்ட கையால் கண்ணைக் கசக்கவும் கூடாது.

பதினைந்து நாளாகியும் பலனில்லை என்கிறாயே, அவர் எடுக்கும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார். கேப்ஸ்யூலை விழுங்குபவர்கள் நிறையப் பேர். "ஊதுங்க" என்று நாம் சொல்வதைக் கேட்டு கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் கருவியான ரோட்டாஹேலருக்குள் நிஜமாகவே ஊதிவிடுபவர்களும் உண்டு; ஈரம் பட்டுப் பவுடர் கட்டியாகிவிடும். அட்டையிலிருந்து அந்த நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். நிறமில்லாத முனை முதலில் போகும்படி சதுர ஓட்டையில் மட்டமாக அழுத்தி, அடிப்பாகத்தைத் திருகினால் கேப்ஸ்யூல் இரண்டாகப் பிரியும். மூச்சை வெளியே விட்டுவிட்டு, உதட்டால் இறுகக் கவ்வி, ஒரே இழுப்பாக வேகமாகவும் ஆழமாகவும் உள்ளே இழுத்து, 10 நொடி அடக்கட்டும். திறந்து பார்த்தால் மிச்சப் பவுடர் தெரியும். இருந்தால் இன்னொரு இழுப்பு. ஸ்ப்ரே பம்ப் என்றால் இதற்கு நேர் எதிர், மெதுவாக இழுக்க வேண்டும்.

அக்காவின் அட்டையில் மருந்துப் பெயர் ஒன்றா, ஸ்டீராய்டும் சேர்த்து இரண்டா என்று பார்த்து உடனே எழுது.

அன்புடன்,
முருகேசன்