பித்தளை வளையங்கள் ஒரே அளவில் நிற்காதது குறித்துப் புகார்

அனுப்புநர்:
எபோனைட் பேனா செய்பவர்,
வியாசர்பாடி, சென்னை.

பெறுநர்:
வாடிக்கையாளர் பிரிவு மேலாளர் அவர்கள்.

பொருள்: 14.90 மி.மீ. அளவு டை (வளையத்தை உள்ளே தள்ளி ஒரே அளவுக்கு இறுக்கும் அச்சு), பித்தளை வளையங்கள் 100.

ஐயா,

மொட்டை மாடி அறையில் சின்ன லேத் போட்டு எபோனைட் (கெட்டியாக்கிய ரப்பர்) மை பேனா கடைந்து விற்கிறேன். மூடியின் வாயில் ஏற்றும் வளையத்துக்காகத்தான் மேற்கண்ட இரண்டையும் உங்களிடம் வாங்கினேன்.

டைக்குள் தள்ளி எடுத்தால் வளையம் 14.92 வருகிறது. அதைக் கணக்கில் வைத்து மூடியைக் கடைந்தால் அடுத்த வளையம் 14.96. 0.04 மி.மீ.க்கா இத்தனை பாடு என்று உங்கள் ஆள் போனில் சிரித்தார். உளிப்பிடிக்குப் பூண் போடுகிறவருக்கு அது ஒன்றுமேயில்லை. எபோனைட்டில் பெரிய வளையம் பிடிக்காமல் சுற்றுகிறது. அதற்காக மூடியைக் கொஞ்சம் தடிப்பாக விட்டால், சின்ன வளையம் ஏறும்போதே மூடி விரிசல் விடுகிறது. இதுவரை ஏழு மூடி போயிற்று.

மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் “எண்ணெய் பத்தலை சார்” என்ற ஒரே பதில். தேங்காய் எண்ணெயிலிருந்து கிரீஸ் வரை தடவிப் பார்த்தாகிவிட்டது.

விஷயம் பிடிபட்டது சமையல் மேடையில். கை தவறிக் கிரானைட்டில் விழுந்த வளையம் ‘ணங்’ என்றது. இன்னொன்றைப் போட்டேன், ‘டொக்’. பாக்கெட்டைக் கொட்டி ஒவ்வொன்றாகத் தட்டினேன். ணங் போடுவதெல்லாம் 14.95க்கு மேல், டொக் எல்லாம் 14.92. ணங் போடுவது கெட்டியான பித்தளை; அது டையை விட்டு வெளியே வந்ததும் கூடுதலாக விரிந்துகொள்ளும். கெட்டியானதில் பத்தை எடுத்து, விளக்கை அணைத்து, மங்கல் சிவப்பு தெரியும்வரை டார்ச்சில் காட்டித் தண்ணீரில் போட்டேன். இரும்பு மாதிரி பித்தளை அதில் கெட்டிப்படாது. மறுபடி அதே டையில் தள்ளினேன். பத்தும் 14.91, 14.92.

ஆக, டையில் குறை இல்லை. அதை நானே சொல்லிவிடுகிறேன். அனீல் செய்ததும் (காய்ச்சி மென்மையாக்கியதும்) செய்யாததும் ஒரே பாக்கெட்டில் கலந்திருக்கின்றன. மேலே ‘அனீல் செய்தது’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். மீதியையும் நானே காய்ச்சிக்கொள்ளலாம்தான். அந்த வேலைக்கும் சேர்த்துத்தானே விலை கொடுத்தேன்?

100 வளையங்களையும் மாற்றித் தாருங்கள். வீணான ஏழு மூடிக்கான எபோனைட் விலையையும் தாருங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன்.

இரண்டு பொட்டலத்தில் மும்மூன்று வளையங்கள் இணைத்துள்ளேன். போனில் பேசியவரிடம் கொடுத்து, கல்லில் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்