வருமானச் சான்றைத் திருத்தித் தரக் கோரி மூன்றாவது மனு

பெறுநர்: உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்
அனுப்புநர்: ஒன்பதாம் வகுப்பு மாணவியின் தாய், ஏரிக்கரைக் காலனி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக ஏற்கெனவே இரண்டு மனு கொடுத்தும் பதில் வராததால் மறுபடியும் எழுதுகிறேன்.

1. என் மகள், கிராமத்துப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தரும் ஊரகத் திறனாய்வுத் தேர்வு எழுத வேண்டும். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு ரூ.1,00,000-க்கு மிகாமல் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். எங்களுக்குக் கொடுத்த சான்றில் ரூ.1,08,000.

2. அந்தக் கணக்கு எப்படி வந்தது தெரியுமா ஐயா? என் வீட்டுக்காரர் செங்கல் சூளையில் லோடு ஏற்றுகிறார். மாதம் ரூ.9,000. அதைப் பன்னிரண்டால் பெருக்கிவிட்டார்கள். மழை பிடித்தால் சூளை மூடிவிடும். தாங்கள் ஜீப்பில் போகும் ரோடுதானே, ஐப்பசியில் எந்தச் சூளையிலாவது புகை பார்த்திருக்கிறீர்களா? அந்த மூன்று மாதம் முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கித்தான் அரிசி வாங்குகிறோம். அட்வான்ஸ் கடன் ஐயா, தை மாதத்திலிருந்து கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அதைப் போய் வருமானம் என்று எழுதினால் நான் யாரிடம் சொல்வது? ஒன்பது மாதத்துக்கு ரூ.81,000. நூறு நாள் வேலையில் எனக்கு இந்த வருஷம் கிடைத்தது பதினோரு நாள். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், லட்சத்தைத் தொடாது.

3. போன வருஷம் இதே சான்றை வைத்துத்தான் மத்திய அரசு உதவித்தொகைக்கான தேசிய வருவாய்வழித் தேர்வு எழுதினாள். அதற்கு வரம்பு ரூ.3,50,000. அதில் ஏழை, இதில் ஏழை இல்லையா?

4. ஊரகத் தேர்வில் மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்கள் என்று மதிப்பெண் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். இவள் தோற்றால் சரி, நான் வாயே திறக்க மாட்டேன். கேள்வித்தாளைக் கண்ணில் காட்டாமலே தள்ளினால் எப்படி? ஒன்பதாம் வகுப்பில் மட்டும்தான் இந்தத் தேர்வு. அடுத்த வருஷம் கிடையாது.

5. உதவித்தொகை ஆண்டுக்கு ரூ.1,000தான். இ-சேவைக்கும் பஸ்ஸுக்கும் நான் அலைந்ததில் பாதி போய்விட்டது. பணத்துக்காக வரவில்லை ஐயா. தினமும் ராத்திரி "சான்று வந்துதாம்மா?" என்று கேட்கிறாள்.

6. திருத்திக் கொடுங்கள். சூளைக்கு ஆள் அனுப்பிக் கூலி நோட்டைப் பாருங்கள், பொய் என்றால் மனுவைக் கிழித்துப் போடுங்கள். பள்ளியில் விண்ணப்பம் வாங்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்குள் திருத்திக் கொடுங்கள் ஐயா. வியாழக்கிழமை காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு அலுவலக வாசலில் இருப்பேன்.

இப்படிக்கு,
மாணவியின் தாய்