ஒரு கூறு விளமீன்

தங்கச்சிமடம்,
ஆனி 4

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேச ஆரம்பித்தால் எனக்குக் குரல் ஏறிவிடுகிறது, அம்மா வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறாள். நீயும் மூன்று வாரமாக “மீட்டிங்ல இருக்கேன்ப்பா” என்று சொல்லி வைத்துவிடுகிறாய். இருக்கட்டும், வேலை அப்படி. உன் வீட்டு முகவரி எழுதி வைத்த காகிதம் எங்கே போனதென்று தெரியவில்லை, அதனால் ஆபீஸ் முகவரிக்கே அனுப்புகிறேன்.

தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போய்விட்டன. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் சும்மா கிடந்த கரையில் இப்போது ஐஸ் லாரி சத்தம் தாங்கவில்லை. திங்கள், புதன், சனி விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு, எல்லாம் பழையபடிதான். கடைக்குப் பாக்கிப் பணமும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. தடைக்காலத்துக்கு அரசாங்கம் கொடுக்கிற 8,000 ரூபாயை 61-ஆல் வகுத்துப் பார், நாளுக்கு 131 ரூபாய். நாலு பேர் இருக்கிற வீட்டில் அதற்கு என்ன வரும்? அரிசி ரேஷனில் காசில்லாமல் வந்துவிடுகிறது. மற்றதெல்லாம் என் நோட்டில்தான் ஏறும். இந்த வருஷமும் ஏறியது. யாரிடமும் முகம் சுளிக்கவில்லை, இன்றைக்குக் கேட்டாலும் ஊரில் சொல்வார்கள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் விஷயம் என்றால் வீட்டுச் செலவுக் கணக்கு. வேறொன்றும் இல்லை.

சித்திரையில் பேசும்போது ஒன்று சொன்னாய். மாதம் 12,000 மளிகைக்கும் காய்க்கும் மீனுக்கும் ஒதுக்கியிருக்கிறேன், வாரம் 3,000 கையில் கொடுக்கிறேன், அப்படியும் மாதக் கடைசியில் பற்றவில்லை என்கிறாள், எங்கே போகிறதென்றே தெரியவில்லை என்றாய். நீ சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 1-ம் தேதி 3,000, 8-ம் தேதி 3,000, 15, 22. சரியா? 22-ம் தேதி கொடுத்தது 28-ம் தேதி ராத்திரியோடு தீர்ந்துவிடும். 29, 30, 31 யார் கணக்கு? அந்த மூன்று நாளும் உன் வீட்டில் சாப்பிடாமலா இருக்கிறார்கள்? பணம் எங்கேயும் போகவில்லை தம்பி. வகுத்தது தப்பு. நாளுக்கு 400 என்று வை. வாரத்துக்கு 2,800. நாலு வாரத்துக்கு 11,200. மிச்சம் 800-ஐ அந்தக் கடைசி நாள்களுக்கென்று முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். 31 நாள் உள்ள மாதமென்றால் இன்னும் 400 கூடக் கொடுக்க வேண்டும். ஆறாம் வகுப்பிலேயே என் பேரேட்டில் நான் விட்ட 40 ரூபாயைக் கண்டுபிடித்த பிள்ளை நீ. அன்றைக்கு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உனக்கு இது எப்படித் தெரியாமல் போனது?

முப்பது வருஷத்துக்கு மேல் கல்லாவில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், பற்று நோட்டு கனப்பது மாதக் கடைசியில்தான். வாத்தியார் வீடாக இருந்தாலும் அப்படித்தான், ரயில்வேக்காரர் வீடாக இருந்தாலும் அப்படித்தான். அதை வைத்து யாரையும் ஊதாரி என்று நான் நினைத்ததில்லை.

அப்புறம் சின்னப் பாக்கெட்டாக வாங்காதீர்கள். பத்து ரூபாய் பாக்கெட் என்றைக்கும் பத்து ரூபாய்தான், உள்ளே இருக்கிற கிராம்தான் சத்தமில்லாமல் இறங்கும். விலையைப் பார்க்காதே, எடையைப் பார். அரிசிச் சிப்பத்தில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்கும் கட்டி விற்கிற அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி என்றார்கள். ஆலைக்காரர்கள் 26 கிலோவாகக் கட்டி அனுப்பிவிட்டார்கள். சிரிப்பாகத்தான் வந்தது. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கொடுக்கிறார்கள், மளிகைக் கடைக்காரன் நானே சொல்கிறேன், அதை விடாதே. வரிசையில் நிற்கக் கூச்சப்படாதே. நீயே போய் நில். அந்தப் பிள்ளை கைக்குழந்தையோடு நிற்க வேண்டாம்.

கடைசி மூன்று நாளை மறந்துவிடாதே.

மருமகள் இங்கே பத்து நாள் இருந்துவிட்டுப் போனதிலிருந்து அம்மாவுக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கிறது. பாப்பா கடைக்குள் நுழைந்து தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வாள், இறக்கினால் அழுகை. 9 கிலோ 300. நான்தான் நிறுத்தேன். மருமகள் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. இதை நீ முதலில் நம்ப வேண்டும். அவள் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை, அம்மா கேட்டபோதுகூடச் சொல்லவில்லை. நீயும் போய் அவளிடம் எதையும் கேட்காதே.

வந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, காலையில் மீன்காரம்மா வந்தது. தடைக்காலம் என்பதால் நாட்டுப்படகு மீன்தான், விலையும் அப்படி. சாக்கை விரித்துக் கூறு போட்டிருந்தது. மூன்று விளமீன், கொசுறாக மேலே ஒரு சின்ன ஊளி. கூறு 300 ரூபாய். பாப்பாவுக்கு முள் எடுத்துக் கொடுக்க விளமீன் நல்லது என்று அம்மா சொன்னாள். நான் கல்லாவைத் திறப்பதற்குள் மருமகள் பர்ஸை எடுத்துவிட்டாள். அங்கே போய் அப்பா காசில் வாங்காதே என்று நீ சொல்லி அனுப்பினாயாம். அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்தது, மறைக்கவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு அவள் போகவில்லை. நின்றாள். “மாமா, இதுக்கு ஒரு சீட்டு எழுதித் தாங்களேன். அவங்களுக்கு போட்டோ அனுப்பணும்” என்றாள்.

மீன்காரம்மா முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. மீனுக்குச் சீட்டு யார் கேட்பார்கள்? மருமகள் சிரிக்கவில்லை என்றதும் சாக்கைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டது. நான் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் தேதி போட்டு, ‘விளமீன் 1 கூறு 300’ என்று எழுதிக் கொடுத்தேன். அவள் தராசுப் பெட்டி மேல் அதை வைத்து, சுருங்கின ஓரத்தை விரலால் நீவி, படம் எடுத்தாள். பிறகு போனில் கட்டம் கட்டமாக எதையோ நிரப்பினாள். பொருள், அளவு, விலை, எதற்கு. அளவு என்ற இடத்தில் கூறு என்று போட்டால் எடுக்கவில்லை, எண் கேட்கிறது என்றாள். “எத்தனை கிலோன்னு போடட்டும் மாமா?” எனக்கே தெரியவில்லை. கூறை யார் நிறுத்தார்கள்? “ஒண்ணுன்னு போடும்மா” என்றேன். ‘எதற்கு’ என்ற இடத்தில் ‘பாப்பாவுக்கு’ என்று போட்டாள். அந்த மீனை நாங்கள் நாலு பேரும்தான் சாப்பிட்டோம்.

கொஞ்ச நேரத்தில் உன் பதில் வந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை, போன் மேசை மேல்தான் கிடந்தது. ‘300?’ என்று இருந்தது. அவ்வளவுதான். மறுநாள் மீன்காரம்மா குரல் கேட்டதும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மருமகள் உள்ளறைக்குப் போய்விட்டாள். ஊருக்குக் கிளம்பும்வரை அந்தம்மா வரும் நேரத்துக்கு அவளுக்கு உள்ளே ஏதாவது ஒரு வேலை இருந்தது.

கணக்கு வைப்பது நல்லது. நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், கணக்கில்லாத வீடு எப்படிப் போகும் என்று தெற்குத் தெரு சித்தப்பா குடும்பத்தைப் பார்த்தவன் நீ. கடன் இல்லாமல், சீட்டுக்கும் தவணைக்கும் ஓடாமல் சென்னையில் குடித்தனம் நடத்துவது சாதாரணம் இல்லை. ஆனால் அவளும் பாப்பா பிறக்கிறவரை வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினவள்தானே. அப்போது அவளிடம் சீட்டுக் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய்.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் அப்படியே வைத்துவிட்டேன். நீ இதைப் படித்ததும் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். நீங்க செய்யாததாப்பா என்பாய். நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

பாம்பன் சாலைப் பாலம் 1988-ல் திறந்தது, அதற்கு மூன்று வருஷம் கழித்துக் கடை போட்டேன். லாரி நேரே வாசலுக்கு வர ஆரம்பித்த காலம். கை வைத்ததெல்லாம் ஓடியது. பற்று நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். அதில் ஒரு பக்கத்தின் தலைப்பு ‘வீடு’. நம் வீடு. அம்மா கடையிலிருந்து எடுக்கிற சாமானை எல்லாம் அதில் எழுதினேன். சரக்குக் கணக்கு ஒத்துப்போக வேண்டுமே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நீயும் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறாய், சின்ன வயதில் கூட்டிக்கூடக் கொடுத்திருக்கிறாய். எழுதியதோடு விட்டேனா? சோப்பு போன வாரம்தானே எடுத்தாய், எண்ணெய் அதற்குள்ளா என்று ஆள் நிற்கும்போதே கேட்பேன். தொண்டி மாமா பெண் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்தாரே, அன்றைக்கு அவருக்காக அம்மா நூறு காப்பித்தூளும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் எடுத்தாள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் நோட்டை எடுத்து, வாயால் சொல்லிக்கொண்டே எழுதினேன். காப்பித்தூள் நூறு, பிஸ்கட் ஒன்று. அம்மா என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ‘வீடு’ பக்கத்தில் பற்று குறைந்துகொண்டே வந்தது. பரவாயில்லை, சிக்கனம் வந்துவிட்டது என்று நானும் பெருமைப்பட்டேன். நாலைந்து வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் சர்ச் பக்கத்துக் கடைக்காரர் என் தோளில் கை போட்டு, “உங்க வீட்டம்மாவுக்கு நம்ம கடையிலதானே பற்று” என்று சிரித்தார். எனக்கு முதலில் புரியவில்லை. விருந்தாளி வந்தால் காப்பித்தூள், உங்கள் இரண்டு பேருக்கும் பிஸ்கட், அக்கா பெரிய மனுஷியானபோது தேவைப்பட்டதெல்லாம் அங்கேதான் வாங்கியிருக்கிறாள். ஓலைப்பெட்டி முடைந்து வந்த காசில் அடைத்திருக்கிறாள். மளிகைக் கடைக்காரன் பெண்டாட்டி இன்னொரு கடையில் கடன் சொல்லியிருக்கிறாள் தம்பி. தடைக்காலத்தில் ஊரில் யார் யாருக்கோ வாய் திறக்காமல் சாமான் கட்டிக் கொடுத்த கை என் கை.

எனக்குத் தெரியும் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருக்கலாம். மன்னிப்பு என்று இல்லாவிட்டாலும் ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கத்தை மட்டும் அடுத்த வருஷ நோட்டில் போடவில்லை, அதை அவள் கவனித்தாளா என்றும் தெரியாது. மருமகள் காலண்டர் தாளை நீவிக்கொண்டிருந்தபோது அம்மா அரிசிப் பானை பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் தாங்கவில்லை.

முந்தாநாள் கல்லாச் சாவியை அவள் வெற்றிலைப் பெட்டி பக்கத்தில் வைத்தேன். “எதுக்கு?” என்றாள். “சும்மா, அங்க இருக்கட்டும்” என்றேன். இன்னும் எடுக்கவில்லை. நானும் திருப்பி எடுக்கவில்லை. அங்கேயேதான் இருக்கிறது.

முகவரிக் காகிதம் தொலையவில்லை. வீட்டுக்கு அனுப்பினால் அந்தப் பிள்ளை கையில் கிடைத்துவிடும் என்றுதான் ஆபீசுக்கு அனுப்புகிறேன். படித்துவிட்டுக் கிழித்துவிடு. யாருக்கு எழுதுகிறீர்கள் என்று அம்மா இரண்டு முறை கேட்டாள், எல்ஐசிக்கு என்று சொல்லியிருக்கிறேன். அவளிடம் போனில் உளறி வைக்காதே.

பார்சல் தனியாக வீட்டுக்கு வரும். முதுகுளத்தூர்ப் பக்கத்துக் குண்டு மிளகாய் இரண்டு கிலோ, நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ, கருப்பட்டி. மிளகாயில் இன்னும் கொஞ்சம் ஈரப்பதம் இருக்கிறது, மாடியில் ஒரு வெயில் காயவைத்துவிட்டு அரைக்கக் கொடு, காம்பை எல்லாம் கிள்ள வேண்டாம். கருவாட்டை டப்பாவில் போட்டு இறுக மூடு, பக்கத்து வீட்டுக்காரர் போன முறை சொன்னது நினைவிருக்கட்டும். அதோடு ஒரு கவரில் 800 ரூபாய் வைத்திருக்கிறேன். அது மருமகளுக்கு, அந்தக் கடைசி மூன்று நாளுக்கு. உன் கட்டத்தில் ஏற்ற வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பேசு. பாப்பாவையும் பேசச் சொல்.

அன்புடன்,
அப்பா