மியூவான்களைப் பார்க்க உதவியவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

காட்பாடியில் எங்கள் மாணவர்கள் கட்டிய மியூவான் உணர்கருவி ஒருவழியாகத் தெளிவாகப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டது. மியூவான் என்பது காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதுவதால் பிறக்கும் நுண்துகள். அதற்குப் பஞ்சமில்லை, கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரில் நிமிடத்துக்குச் சுமார் 1 விழுகிறது. அது உணர்கருவியில் எழுப்பும் சிறிய மின்துடிப்பை மறைத்து நின்றது மின்னணு இரைச்சல், அதாவது தேவையில்லாத மின் சலசலப்புதான்.

முதல் நன்றி சத்துவாச்சாரி எலெக்ட்ரீஷியன் அண்ணனுக்கு. கணினி ஒரு பிளக்கிலும் உணர்கருவி எதிர்ச்சுவர் பிளக்கிலும் எர்த் ஆகியிருப்பதை வந்ததுமே கவனித்தீர்கள். இரண்டு எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்து, மின்னழுத்த வித்தியாசத்தைக் காட்டினீர்கள். இரண்டு எர்த்தும் இணைப்புக் கம்பிகளும் சேர்ந்து ஒரு வளையமாகியிருந்தன; அதன் வழியாகத்தான் மின்சார லைனின் 50 ஹெர்ட்ஸ் முனகல் ஏறிக்கொண்டிருந்தது. எல்லா எர்த்தையும் ஒரே புள்ளிக்கு இழுத்துக் கட்டினீர்கள். வேலூர் வெயிலில் மண் காய்ந்தால் எர்த்தின் தடை கூடும் என்று, குழிக்குத் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தையும் ஏற்படுத்திவிட்டுப் போனீர்கள்.

லாங்கு பஜார் பட்டறை பாய், உங்கள் அலுமினியப் பெட்டி அருமை. உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும் என்றதும், விளிம்பில் பெயின்ட் படாமல் விட்டு, மூடியை இடைவெளியில்லாமல் மடித்துத் தந்தீர்கள். வெளியிலிருந்து வந்த ரேடியோ அலைத் தொந்தரவு அதோடு அடங்கியது.

மீதியைக் கணக்கில் கழிக்க வேண்டியிருந்தது. காவலூர் தொலைநோக்கிப் படங்களோடு பழகிய ஐயா அதற்கு வழிகாட்டினார். துகள் வராதபோதும் உணர்கருவியின் ஒவ்வொரு சேனலும் (தனித்தனி சிக்னல் வழி) ஓர் அளவைக் காட்டும், அதுதான் பெடஸ்டல். அதன் சராசரியைக் கழித்தால் 16 சேனலும் சுழியை ஒட்டி நிற்கும். சூடு ஏறினால் அது நகரும் என்பதால் பகலிலும் இரவிலும் தனித்தனியாக எடுக்கச் சொன்னார். இரவில் கதவைத் திறந்துவிட்ட காவலாளி அண்ணனுக்கும் நன்றி.

அப்புறம், எங்கள் இரண்டாமாண்டு மாணவி. பெடஸ்டல் போன பிறகும் எல்லாச் சேனலும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. அந்தப் பொது ஏற்ற இறக்கத்தை, அந்த நேரத்தில் எல்லாச் சேனல்களும் காட்டும் அளவின் சராசரியால் கழிப்பது எளிய வழி. ஆனால் ஒரு சேனலில் மியூவானின் துடிப்பு வந்தால் சராசரியும் மேலே போகும். துடிப்பே இல்லாத மற்றச் சேனல்கள் சுழிக்குக் கீழே தள்ளப்படும். அதற்குப் பதிலாக இடைநிலை அளவை, அதாவது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதைக் கழித்தால் அந்தப் பாதிப்பு மிகக் குறைவு. தாளில் எண்களைப் போட்டு இதை விளக்கி, நிரலையும் அவரே எழுதினார். ஆசிரியராக எனக்குப் பெரும் மகிழ்ச்சி தந்தது இதுதான்.

ஆனாலும் எர்த்தும் பெட்டியும் செய்த வேலைக்கு நிரல் ஈடாகாது. முனகல் எல்லாச் சேனலிலும் ஒரே அளவில் ஏறுவதில்லை. அளவு வேறுபட்டால் கழித்த பிறகும் மிச்சம் நிற்கும். ஒவ்வொரு சேனலின் சொந்த இரைச்சலையோ இந்தக் கழித்தல் தொடவே தொடாது.

வரைபடத்தில் இப்போது பெடஸ்டல் குவியலும் மியூவான் குவியலும் தனித்தனியாகத் தெரிகின்றன. அண்ணே, பாய், ஐயா, சனிக்கிழமை மதியம் ஆய்வகம் திறந்திருக்கும். வீட்டில் உள்ளவர்களையும் அழைத்துக்கொண்டு அவசியம் வாருங்கள்.

அன்புடன்,
இயற்பியல் ஆசிரியர், மாணவர்கள்